மரத்தாங்கிக்கு முதுகு இல்லை

கிடங்கில் எல்லோரும் அவரை ‘டேப்’ என்றுதான் கூப்பிட்டார்கள். தூரம் அளக்கும் ரேடியோ கருவிகளைப் பொருத்துவது அவர் வேலை. ஆனால் கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்பமாட்டார். தரையில் இரும்பு டேப்பை விரித்து, மண்டியிட்டுச் சரிபார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார்.

சரக்கைத் தூக்கிச் செல்லும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் கூரையில் ஒரு கருவி இருக்கும். ஆட்களின் சட்டைப் பையில் தீப்பெட்டி அளவில் இன்னொன்று. வண்டியிலிருந்து கிளம்பும் ரேடியோ துடிப்பு பையிலிருக்கும் கருவியைத் தொட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் கணக்காகும். ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்து, அதில் ஒன்று பிசகினால் அரை அடி போய்விடும். மூன்று மீட்டருக்குள் ஆள் இருந்தால் வண்டியில் மணி அடிக்கும், ஓட்டுநர் நிறுத்திவிடுவார்.

அதே கிடங்கில் சரக்கு அடுக்கியவர் அவருடைய அக்காவின் கணவர். கருவியைச் சட்டையில் மாட்டிய முதல் நாளே வம்பிழுத்தார்.

“மாப்ள, உங்க அக்காவுக்கும் ஒண்ணு மாட்டி விடேன். அவ பக்கத்துல வந்தா எனக்கு மணி அடிக்கட்டும்.”

“அடிச்சா என்ன மாமா பண்ணுவீங்க? ஓடவா போறீங்க?”

“இந்த முழங்காலை வச்சிக்கிட்டு எங்க ஓடறது? மூஞ்சியையாவது சரி பண்ணிக்குவேன்ல.”

ஐந்து மாதம் கழித்து ஒரு மதியம், மாமா கீழ்த்தட்டுப் பெட்டிகளின் சீட்டைப் படிக்கப் பாதைக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தார். வண்டி பின்னோக்கி வந்தது. மணி அடித்து ஓட்டுநர் பிரேக்கை மிதிப்பதற்குள் அவர் மேல் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்து இறந்துபோனார்.

கருவி சரியாக இயங்கியது, ஊழியர் கவனக்குறைவாக வண்டிப் பாதையில் உட்கார்ந்திருந்தார் என்று விசாரணை அறிக்கை வந்தது. ஆதாரமாக டேப் கையெழுத்திட்ட அளவுத்தாளை இணைத்திருந்தார்கள்.

“இத்தனை வருஷத்துல ஒரு டம்ளரைக்கூட அவர் கை தவறிப் போட்டதில்லடா,” என்றாள் அக்கா. “அவரைப் போயி கவனமில்லாதவர்னு எழுதிட்டாங்களே.”

டேப் வீட்டுக்கு வந்து அளவுத்தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஒரு மீட்டர் முதல் பத்து மீட்டர் வரை, எதிலும் நாலு விரற்கடைக்கு மேல் பிழை இல்லை. கருவியை நெஞ்சுயர மரத்தாங்கியில் வைத்துத்தான் அளந்திருந்தார். அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது அதுதான்.

மறுநாள் அதே பாதையில் டேப்பை விரித்தார். கருவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, இரண்டரை மீட்டரில் வண்டியைப் பார்த்து நின்றார். வண்டியின் திரையும் இரண்டரை என்றது. பிறகு முதுகைக் காட்டிக் குந்தினார்.

“இப்ப எவ்வளவு?”

“நாலு புள்ளி ஒண்ணு,” என்றான் ஓட்டுநர்.

“நல்லாப் பாரு.”

“நாலு புள்ளி ஒண்ணுதாண்ணே.”

உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். முதுகு வழியாக நேரே வரும் துடிப்பை அது விழுங்கிவிட, எதிரே இருந்த இரும்பு அலமாரியில் பட்டுச் சுற்றி வந்த துடிப்பைத்தான் கருவி கணக்கில் எடுத்தது. மரத்தாங்கிக்கு முதுகு இல்லை. அது அவருக்குத் தோன்றவே இல்லை.

அன்று சாயங்காலம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“அப்ப அவர் மேல தப்பில்ல.”

“இல்லக்கா. நான் அளந்ததுலதான் தப்பு.”

“எழுதிக் குடு.”

எழுதிக் கொடுத்தார். அறிக்கையைத் திருத்தினார்கள். கிடங்கு வேலை போயிற்று. இப்போது வேறொரு இடத்தில் பொருத்துகிறார். ஒவ்வொரு அளவையும் தானே கருவியை மாட்டிக்கொண்டு, நின்றும் குந்தியும், முதுகைக் காட்டியும் எடுக்கிறார். ஒரு வேலைக்கு மூன்று நாள் இழுக்கிறது என்று முதலாளி முணுமுணுக்கிறார்.

மாதம் ஒருமுறை அக்கா வீட்டுக்குப் போவார். திருத்திய அறிக்கை அலமாரியில் மாமாவின் கண்ணாடிக்கு அடியில் இருக்கும். அக்கா தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, “சாப்பிட்டுட்டுப் போ,” என்பாள். அவர் கை கழுவி எழும்வரை அடுத்த அறையிலேயே இருப்பாள்.