அடுத்த வீட்டுப் போனில் என் வங்கி

எங்கள் கம்பெனிக்குள் கேமரா வைத்த போனைக் கொண்டுபோக முடியாது. கேட்டிலேயே செக்யூரிட்டி திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் ஓசூர் சிப்காட்டில் என்னோடு வேலை செய்யும் பெண்களில் பாதிப் பேரிடம் பட்டன் போன்தான். எங்கள் ஊர் கல்லாவியிலிருந்து அம்மா கூப்பிட்டால் எடுத்துப் பேச அது போதும். வங்கிக்குத்தான் போதவில்லை.

எங்கள் லைன் வீட்டில் ஸ்மார்ட்போன் வைத்திருப்பவள் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்திதான். மாலூர்ப் பக்கத்துப் பெண். பேச்சில் பாதி கன்னடம், பாதி தமிழ். சம்பளம் ஏறிய ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலைந்து பேர் அவள் வீட்டில் கூடுவோம். ஆளாளுக்குத் தங்கள் சிம்மைக் கழற்றி அவள் போனில் போட்டு, வங்கி ஆப்பில் பதிவு செய்து, ஊருக்குக் கொஞ்சம் அனுப்பிவிட்டு, சிம்மை எடுத்துக்கொண்டு போவோம். வருஷக்கணக்காக இப்படித்தான். ஒரு நாளும் தகராறு வந்ததில்லை. அனுப்பியதெல்லாம் சின்னத் தொகை, அதனால்தான் வரவில்லை என்பது அப்போது யாருக்குத் தெரியும்?

போன வருஷம் என் மகளுக்கு லேப் டெக்னீசியன் படிப்பில் இடம் கிடைத்தது. பத்தாவது படிக்கும்போதிருந்தே அவள் கேட்டுக்கொண்டிருந்த படிப்பு. தகவல் வந்தது ஒரு சாயங்காலம்; மறுநாள் நாலு மணிக்குள் கட்டணம் கட்டவேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். பணத்துக்கு நான் யாரிடமும் கையேந்தவில்லை. இதற்கென்றே சேர்த்துக் கணக்கில் வைத்திருந்தேன். சர்டிபிகேட்டுகளை எடுத்துக்கொண்டு மகள் விடிகாலையில் தருமபுரிக்குப் பஸ் ஏறினாள். அந்தக் கல்லூரியில் ரொக்கம் வாங்க மாட்டார்களாம், அவர்கள் கணக்கில் ஏற்றவேண்டுமாம். நான் லீவு சொல்லிவிட்டு, வங்கி திறக்கும்போதே போய் நின்றேன்.

கவுன்டரில் இருந்தவர் சின்ன வயசுக்காரர். "இதுக்கெல்லாம் எதுக்கும்மா வரிசையில நிக்கிறீங்க? ஆப்புல ரெண்டு நிமிஷ வேலை" என்றார்.

பட்டன் போனைக் காட்டினேன். "ஃபாரம் குடுங்க சார், எழுதித் தர்றேன்."

"சிஸ்டம் ஸ்லோவா இருக்குது. எழுதிக் குடுத்தாலும் இன்னிக்குப் போவும்னு சொல்ல முடியாது. அக்கம்பக்கத்துல யார்கிட்டயாச்சும் நல்ல போன் இருக்கும், பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினேன். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரியை எழுப்பினேன். பாவம், முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்தாள். "டென்ஷன் பேடா அக்கா, நான் பண்ணித் தர்றேன்" என்றாள். சிம்மைப் போட்டு, ஆப்பைத் திறந்து, கல்லூரிக் கணக்கைச் சேர்த்து, தொகையை அடித்தாள். போகவில்லை. சிவப்பு எழுத்தில் ஏதோ வந்தது.

"புதுப் போன்ல ஆப் போட்டிருக்கோமாம். நாளைக்கு இந்நேரம் வரைக்கும் கொஞ்சம்தான் அனுப்ப முடியுமாம் அக்கா."

"புதுப் போனா? எப்பவும் இதுலதானே போடுறோம்?"

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவை சிம் மாற்றிப் பதிவு செய்யும்போதும் வங்கிக்கு அது புதுப் போன்தான் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது.

ஆப்போடு மல்லாடியதில் மணி மூன்றாகியிருந்தது. சிம்மைக் கழற்றி என் போனில் போட்டுக்கொண்டு திரும்பவும் வங்கிக்கு ஓடினேன். வழியில் மகள் கூப்பிட்டாள். "அம்மா, ஏறலேங்கறாங்கம்மா. என்னம்மா பண்றே?" என்று அழுதாள். யாரையும் கேட்காமல் மேனேஜர் அறைக்குள் போய் நின்றேன். அவர் பொறுமையாகத்தான் பேசினார். "இந்தக் கட்டுப்பாடெல்லாம் உங்க பணத்தோட பாதுகாப்புக்குத்தாம்மா."

"யாருகிட்ட இருந்துங்க சார்? என்கிட்ட இருந்தா?" என்று கத்திவிட்டேன். வெளியே வரிசையில் நின்றவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

கத்தியதும் ஃபாரம் வந்தது. காலையில் ஸ்லோவாக இருந்த சிஸ்டம் அப்போது நன்றாக ஓடியது. பணமும் போனது, ஆனால் நாலு மணிக்குக் கல்லூரியில் கணக்கை மூடிய பிறகு; இடம் போய்விட்டது. ஒரு வாரம் கழித்து ஒரு காசு குறையாமல் திரும்பி வந்தது. அதைப் பாதுகாப்பு என்றால் பாதுகாப்புதான்.

ஆப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. வசதி இருப்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் என் பணத்தை எடுக்க நானே நேரில் போய் நின்று, கையெழுத்துப் போடுகிறேன், முகத்தைப் பாருங்கள் என்கிறேன். அது போதாது, ஒரு போன் வந்து நான்தான் என்று சாட்சி சொல்லவேண்டும் என்றால், இது என்ன நியாயம்? இன்றைக்கும் அந்த வங்கித் தெருப் பக்கம் போனால் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். "சும்மா உக்காந்திருக்க முடியாதும்மா" என்று மகளும் சிப்காட்டுக்கே வேலைக்கு வந்துவிட்டாள். இந்த வருஷம் விண்ணப்பம் போடும் நேரம் வந்தபோது வேண்டாம் என்றாள். முன்பே முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கி, வங்கி ஆப்பையும் அவளே போட்டுக் கையில் கொடுத்திருந்தாள். "இனிமே யாரையும் நீ கெஞ்ச வேணாம்மா" என்றாள் அன்றைக்கு.

ஆப் நன்றாகத்தான் வேலை செய்கிறது. எவ்வளவு பெரிய தொகையானாலும் இரண்டு நிமிஷத்தில் போய்விடும். கட்டணம் கட்டத்தான் கல்லூரி எதுவும் இல்லை.