அம்மாவுக்கு ஒரு லயம்

நான் என் கையாலேயே செய்து கொடுத்த முதல் பரிசைப் பிரித்துப் பார்த்ததும் அம்மா போட்ட அலறலில் பிள்ளைக் காம்பராவின் தகரக் கூரையே அதிர்ந்தது. மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். அப்போது எனக்கு ஐந்து வயது. இன்றைக்கும் யாராவது ஒரு பொட்டலத்தை நீட்டினால், பிரிப்பதற்கு முன் ஒருமுறை குலுக்கிப் பார்க்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

எங்களுடையது மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அம்மாக்கள் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகும்போது எங்களைப் போன்ற வாண்டுகளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போவார்கள். அங்கே எங்களுக்குப் பாட்டும் படமும் சொல்லித்தர டவுனிலிருந்து பஸ்ஸில் ஒரு டீச்சர் வருவார். தங்கமான மனுஷி. ஒருநாள் எங்களை வட்டமாக உட்காரவைத்து, மரம் நிழல் தருகிறது, மண் சோறு தருகிறது, அம்மா அப்பா எல்லாம் தருகிறார்கள், யாருக்காவது நீங்கள் நன்றி சொன்னதுண்டா என்று கேட்டார். உடனே ஒரு வேலை கொடுத்தார். கீழே விழுந்து கிடப்பதைப் பொறுக்கி ஏதாவது செய்து, நன்றி சொல்ல ஆசைப்படும் ஆளுக்குக் கொடுக்க வேண்டும். செடியில் எதையும் பிய்க்கக் கூடாது. கொடுக்கும் நாள்வரை யாருக்கும் காட்டவும் கூடாது.

எனக்கு அம்மாவைத் தவிர வேறு யாரும் தோன்றவில்லை. பெரியம்மா செத்துப்போன பிறகு அம்மா சிரிப்பதையே விட்டிருந்தாள். அக்காவும் தங்கையுமாகப் பக்கத்துப் பக்கத்தில் நின்று கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது குளவி கலைந்து வந்து கொட்டிவிட்டது. "ஓடுன அக்கா போயிருச்சு. படங்கப் போத்திக்கிட்டுக் குப்புறப் படுத்த நான் கெடக்குறேன்" என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். படங்கு என்பது, தேயிலைக் குச்சி கீறாமல் இருக்கக் கொழுந்து எடுப்பவர்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் தடித்த சாக்கு. அதற்குப் பிறகு நான் ஆடிக் காட்டினேன், அப்பாவைப் போல் குறட்டை விட்டும் காட்டினேன். ம்ஹூம், அம்மா முகத்தில் ஓர் அசைவும் இல்லை. என் பரிசு அவளைச் சிரிக்க வைத்தே தீர வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

மற்றப் பிள்ளைகள் பைன் காயும் காய்ந்த இலையும் பொறுக்கினார்கள். எனக்கு அந்தச் சில்லறைச் சாமான்கள் பிடிக்கவில்லை. ஒருநாள் இரவு முழுக்கக் காற்றும் மழையுமாக அடித்து ஓய்ந்திருந்தது. காலையில் பிள்ளைக் காம்பராவுக்குப் போகும் வழியில், எட்டாம் நம்பர் மலையோரத்துச் சவுக்கு மரத்தடியில் அது கிடந்தது. சாம்பல் நிறம், காகிதம் போல லேசு, உள்ளே வரிசை வரிசையாகக் குட்டிக் குட்டி அறைகள். அச்சு அசல் நாங்கள் வரிசையாக அறைக்கொரு குடும்பமாகக் குடியிருந்த எங்கள் லயம்! குளவியைப் பற்றி ஊரே பேசிக் கேட்டிருந்தேனே தவிர, குளவியின் வீடு இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அம்மா முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தாள். நான் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பிஸ்கட் டின் மூடியில் அதை ஒட்டினேன். முன்னால் பாசியை வாசலாகப் பரப்பினேன். அறைக்கு ஒன்றாகச் சிவப்பு விதைகளைக் குடிவைத்தேன். ஓர் அறையில் மட்டும் இரண்டு விதை வைத்தேன். அம்மாவும் பெரியம்மாவும்.

பரிசு கொடுக்கும் நாளில், மத்தியானக் கொழுந்தை எடை போட்டுவிட்டு அம்மாக்கள் எல்லோரும் இடுப்பில் கட்டிய படங்கோடு வந்து சுவரோரமாக நின்றார்கள். டீச்சர் நன்றிப் பாட்டை ஆரம்பித்தார். என் முறை வந்ததும் பேப்பரில் சுற்றிய பொட்டலத்தை நீட்டி, "நன்றி அம்மா" என்றேன். அம்மாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. ஆகா, சிரிக்கப் போகிறாள் என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அம்மா பேப்பரைப் பிரித்தாள்.

"ஐயோ, கொளவி!"

டின் மூடி பறந்துபோய்ச் சுவரில் மோதிய சத்தம்தான் கேட்டது. அடுத்த நொடி நான் தரையில் கிடந்தேன். ஒரே இருட்டு. படங்கு வாசம் மூக்கை அடைத்தது. அதன் ஓரங்களை என் தலைக்கும் காலுக்கும் அடியில் செருகிவிட்டு, அம்மா அப்படியே என்மேல் கவிழ்ந்துகொண்டாள். "அசையாத. அசையாதடி" என்று என் காதருகே சொல்லிக்கொண்டே இருந்தாள். அங்கே வேறு என்ன நடந்தது என்பது பிறகு டீச்சர் சொல்லித்தான் தெரியும். ஒருத்திகூட எங்கே, என்ன என்று கேட்கவில்லையாம். அந்த ஒரு சொல்லுக்கு அத்தனை தாய்மாரும் பிள்ளைகளை இழுத்துப் போட்டு மூடிக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டார்களாம். பாதிப் பாட்டோடு, பேயறைந்த மாதிரி நின்றது டீச்சர் மட்டும்தான்.

கொஞ்ச நேரம் கழித்து யாரோ தலையைத் தூக்கி, "அடியேய், வெறுங்கூடுடி!" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். சிலர் சிரித்துக்கொண்டே அழுதார்கள். அம்மா சிரிக்கவில்லை. என்னைத் தூக்கி நிறுத்தி முதுகில் ஒன்று வைத்தாள்.

"எங்க எடுத்த இத?"

"எட்டாம் நம்பர் மலையில, சவுக்கு மரத்தடியில."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மறுநாள் காலையில் அவர்கள் கொழுந்து எடுக்கப் போக வேண்டியதே அந்த மலைக்குத்தான்.

ஆம்பிளைகள் போய்ப் பார்த்தார்கள். மரத்து உச்சியில் குடம் போல ஒரு கூடு, உயிரோடு. அதை எடுக்கும்வரை அந்த மலைக்கு யாரையும் அனுப்பவில்லை. கங்காணி என் தலையைத் தடவி டொபி மிட்டாய் கொடுத்தார். "ஓம் மக புண்ணியத்துல பொழச்சோம்" என்று பெண்கள் அம்மாவிடம் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் லயம் தூள் தூளாகிக் கிடந்தது. அந்த இரண்டு விதைகளையும் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "ஊரே எனக்கு நன்றி சொல்லுது. நீங்க மட்டும் சொல்லல. மேல விழுந்து அமுக்குனீங்க, அடிச்சீங்க."

"மறுபடியும் அமுக்குவேன், போடி" என்றாள் அம்மா.

நன்றி தெரியாத அம்மா என்று நெடுநாள் எனக்கு அவள்மேல் மனத்தாங்கல் இருந்தது.

அம்மா இப்போது வேலையை விட்டுவிட்டாள். போன மாதம் மழைக்கு விறகு நனையாமல் மூடலாம் என்று அவளுடைய பழைய படங்கை எடுத்து விரித்தேன். பாதி விறகைக்கூட அது மூடவில்லை. இவ்வளவு சின்னதா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துப் பார்த்தேன். சட்டென்று எனக்குப் பிள்ளைக் காம்பராத் தரை நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அதன் நாலு மூலையும் எனக்கு அடியில்தான் செருகியிருந்தது. அம்மாவின் முதுகில் ரவிக்கையைத் தவிர ஒன்றும் இல்லை.

அந்தப் படங்கு ஓர் ஆளுக்குத்தான் போதும். அது அம்மாவுக்குப் பெரியம்மா போன அன்றைக்கே தெரியும்.