நாலரை மணி நிறுவையில் பேசிய புரொபசர்

கண்டி மார்க்கெட் பக்கம் வந்து ரேடியோ திருத்துகிற மூக்கையா எங்கே என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு என் கடையைக் காட்டுவார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, ஓட்டை ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்துத் தொழில் பழகி, சொந்தக் கையால் கடை போட்டவன். புரொபசர் ராஜரத்தினம் சாருடைய வாழ்க்கையை எழுதுவதற்குப் படித்த ஆட்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் அவருடைய குரல் பதினோரு வருஷம் ரேடியோவில் ஓடியதற்கு என்ன காரணம் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். நான் கூடவே நின்றேன்!

சார் தெல்தோட்டைக்காரர். அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து பறித்தார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தொடங்கி, கண்டிக்கு வந்து படித்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பில் தேறி, சீமைக்குப் போய் டாக்டர் பட்டமும் வாங்கி வந்தார். திரும்பி வந்து அங்கேயே பொருளாதாரம் படிப்பித்தார். பிறகு புரொபசரும் ஆனார். லயத்தில் பிறந்த பிள்ளை அந்தக் காலத்தில் இவ்வளவு உயரம் போவது சும்மாவா?

எழுபத்தொன்பதாம் வருஷம் தோட்டச் சம்பளம் கொஞ்சம் கூடியது. மாவும் சீனியும் அதைவிட வேகமாகக் கூடின. இதை ஜனங்களுக்கு விளங்கப்படுத்த வேண்டும் என்று சாருக்கு ஒரே துடிப்பு. கொழும்பு போய்ப் பேசி, ரேடியோவில் வாரம் பதினைந்து நிமிஷம் வாங்கிவிட்டார். நிகழ்ச்சிக்குப் பெயர் 'அடுப்பும் அரசாங்கமும்'. புதன்கிழமை மாலை நாலரை மணி. ஆனால் ஒரு நிபந்தனை. எட்டு வாரத்துக்குள் நேயர்களின் கடிதம் வரவேண்டும். வராவிட்டால் அந்த நேரத்துக்கு சினிமாப் பாட்டுப் போட்டுவிடுவார்கள்.

கூடப் படிப்பித்தவர்கள் சிரித்தார்களாம். "இன்னைக்கு ரேடியோ, நாளைக்கு சர்க்கஸ் கூடாரத்துலயும் பொருளாதாரம் நடத்துவாரு" என்று.

ஐந்து வாரம் போயிற்று. ஒரு போஸ்ட்கார்ட் கூட வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் என் கடைக்கு வந்து கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"மூக்கையா, இன்னும் மூணு வாரந்தான். நீங்களாவது கேட்டீங்களா?"

"கேட்டேன் சார்."

"எப்படி இருந்துச்சு?"

"ரேடியோ நல்லா வேலை செய்யுது சார். நீங்க பேசுறதுதான் எடுபடல்ல."

என்னைத் தவிர யாருக்கு இந்தத் தைரியம் வரும்? சார் வாயைத் திறக்குமுன் என் அக்கா அழகம்மா சாமான் பையோடு உள்ளே வந்தாள். ஹந்தானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறவள். "அக்கா, புதன்கிழமை நாலரைக்கு சார் ரேடியோவுல பேசுறாரே, கேக்குறியா?" என்றேன்.

"நாலரைக்கா? நாலரைக்கு நான் கொழுந்து நிறுக்கிற மடுவத்துல கூடையோட நிறுவைக்கு நிக்கிறேன். அந்நேரம் சாமியே வந்து பேசினாலும் எங்க யாருக்கும் கேக்காதுடா!"

சார் தலையில் கைவைத்துக்கொண்டார். "எங்கம்மாவும் அந்நேரம் மடுவத்துலதான் நிப்பாங்க. ரயில் எனக்கு வசதின்னு நாந்தான் நாலரை கேட்டேன். தெல்தோட்டையில பொறந்துட்டு இதைப் போய் மறந்துட்டேனே!"

"நிறுவை எப்படியிருக்கு அக்கா?" என்று அவரே மெதுவாகக் கேட்டார்.

"அதை ஏன் கேக்குறீங்க! பதினெட்டுக் கிலோ கொண்டு போனா பதினாறுன்னு எழுதுறாரு கணக்கப்பிள்ளை. எலையில இருக்கிற தண்ணிக்குக் கழிவாம். காஞ்ச நாள்லயும் கழிவுதான்."

சார் எழுந்து நின்றுவிட்டார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம்!

அடுத்த புதன்கிழமை சார் கொழும்பு ரயில் ஏறினார். நான் கடையைப் பூட்டினேன். இருப்பதிலேயே பெரிய பேட்டரி ரேடியோவைத் தோளில் வைத்துக்கொண்டு ஹந்தானை ஏற்றத்தில் ஏறினேன். மடுவத்தில் கூடையோடு அறுபது பெண்கள். கணக்கப்பிள்ளை தராசடியில் நின்றார். ரேடியோவைச் சுவரோரம் வைத்துத் திருகினேன். சாருடைய குரல் கணீரென்று வந்தது.

"அக்காமாரே, உங்க சம்பளம் கூடுச்சு. ஆனா கடையில கண்ணுக்குத் தெரியாத கணக்கப்பிள்ளை ஒருத்தர் நிக்கிறாரு. நீங்க பதினெட்டு ரூபா கொண்டு போனா, பதினாறுன்னு எழுதுறாரு. கேட்டா தண்ணிக் கழிவுங்கிறாரு. விலைவாசி ஏறுறதுன்னா இதுதான். சம்பளக் காசு குறையல்ல, அதோட எடைதான் குறையுது!"

மடுவமே சிரிப்பில் அதிர்ந்தது. அந்த நேரம் பார்த்துத் தராசில் தொங்கியது அழகம்மாவின் கூடை; முள் பதினெட்டில் நின்றது.

"ஐயா, இன்னைக்கு மழையே இல்லீங்களே. எனக்கு எத்தனை எழுதப் போறீங்க?" என்றாள்.

அத்தனை பெண்களும் அவர் கையிலிருந்த பேனாவையே பார்த்தார்கள். கணக்கப்பிள்ளைக்குக் காது சிவந்துபோயிற்று. பதினெட்டு என்று எழுதினார்! அடுத்த கூடைக்கும் கழிவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை!

எனக்குத் தலைகால் புரியவில்லை. "அக்கா, இனி சாரை ஏழு மணிக்குப் பேசச் சொல்றேன். வீட்டுல ஆற அமரக் கேக்கலாம்" என்றேன்.

"ஏழு மணிக்கு எதுக்குடா? அந்நேரம் தராசு பூட்டிக் கிடக்கும். இந்நேரத்துக்கே பேசச் சொல்லு!"

எட்டாவது வாரம், கடைசி வாரம், கொழும்பிலிருந்து சாருக்கு ட்ரங்க் கோல் வந்தது. பெட்டிஷன் ஒன்று வந்திருக்கிறதாம். பேச்சுக்கு முன்னால் ரேடியோ நிலையத்துப் பெரியவரை வந்து பார்க்கச் சொன்னார்கள். சார் நேராக என் கடைக்கு ஓடி வந்தார். தனியே விடுவேனா? நானும் ரயில் ஏறினேன்.

பெரியவர் யாழ்ப்பாணத்துக்காரர். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு மூன்று பக்கக் கடிதத்தை மேசையில் போட்டார். அந்தக் கணக்கப்பிள்ளை எழுதியது. ரேடியோவில் தன்னை அவமானப்படுத்திவிட்டார்களாம், நிகழ்ச்சியை நிறுத்த வேண்டுமாம்.

"ஐயா, நான் அவரைச் சொல்லல்ல..." என்று சார் தொடங்கினார்.

"ஓம், எனக்கு விளங்குது. ஏழு கிழமையா ஒரு காயிதமும் இல்லை. முதல் வந்ததே மூண்டு பக்கம்! ஒரு மனுசனை இவ்வளவு எழுத வைக்கிற பேச்சை நான் நிப்பாட்டுவனோ?" பெரியவர் சிரித்துவிட்டு, மேசை லாச்சியை இழுத்தார். உள்ளே போஸ்ட்கார்ட்டுகள்! "இது முப்பத்தேழு. எல்லாம் தோட்டத்து ஆக்கள் எழுதினது, நேற்றும் இண்டைக்கும் வந்தது. இனி உங்களுக்கு ஏழு மணி தாறன். நல்ல நேரம், எல்லாரும் வீட்டில இருப்பினம்."

ஏழு மணி! படித்தவர்கள் எல்லாரும் கேட்கிற நேரம். சிரித்த ஆட்களும் கேட்பார்கள். சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அழகம்மா சொன்னதை அவரிடம் ரயிலிலேயே சொல்லியிருந்தேன். இப்போது நான் வாய் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்த ஒரே இடம் அதுதான்.

"நாலரையே இருக்கட்டும் ஐயா" என்றார் சார். "ஏழு மணிக்கு என் பேச்சைக் கேப்பாங்க. நாலரைக்குத்தான் அது அவங்களுக்கு வேலை செய்யும்."

பெரியவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "அப்ப என்ன நிக்கிறியள்? அஞ்சு நிமிசந்தான் கிடக்கு. ஓடுங்கோ!"

சார் ஓடினார். ஸ்டூடியோக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். சிவப்பு லைட் எரிந்தது. அடுத்த பதினோரு வருஷமும் தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, ஹந்தானை மடுவங்களில் புதன்கிழமை தவறாமல் ஒலித்த அந்த வார்த்தையை முதல் தடவை கேட்டவன் நான்தான்.

"அக்காமாரே, தராசைப் பாத்துக்கிட்டே கேளுங்க!"