சிசிலியில் குளிரே இல்லையாம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர் மேலே வந்தார். தடித்த கம்பளிக் கோட், கழுத்தைச் சுற்றி மஃப்ளர், தோல் கையுறை. அறைக்குள் வந்த பிறகும் ஒன்றைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே நடுவில் நின்றுகொண்டு சொன்னார் — "சிஞ்ஞோரா, சிசிலியில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. அதெல்லாம் வடக்கே மிலானோவில்."

சொல்லும்போது அவர் வாயிலிருந்து புகை வந்தது. அவர் சிகரெட் பிடிப்பவர் அல்ல.

நாங்கள் இருப்பது சிசிலித் தலைநகரில், கபோ சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய மாளிகை. மாளிகை என்றதும் பொறாமைப்படாதீர்கள்... யாரோ ஒரு பிரபு கட்டியதை, இவருடைய குடும்பம் பலகை அடித்து, அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருக்கிறது. எங்கள் பங்குக்கு ஒரு அறை, மூலையில் சமைக்க ஒரு குசினி. கூரை எங்கோ உயரத்தில். மூட்டுகிற சூடெல்லாம் நேரே அங்கே போய், அங்கே தீட்டியிருக்கும் குண்டுத் தேவதைகளுக்குக் குளிர்காய உதவுகிறது. கீழே இருக்கிற என் மகளுக்கு? இருமல்.

ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விரல் போகும். அதைத் திருத்தித் தாருங்கள் என்று கேட்டதற்குத்தான் அந்தக் குளிர்காலப் பிரசங்கம்.

"இது சரித்திர ஜன்னல். தொடக் கூடாது," என்றும் சொன்னார். சரித்திரத்துக்கு வாடகை வாங்கத் தெரியும். ஆணி அடிக்கத் தெரியாது.

சரி, வீட்டுக்காரர் இப்படி. எங்கள் தமிழ் ஆட்கள் மட்டும் என்னவாம்?

குணம் அண்ணை என்று ஒருவர் இருக்கிறார். நோர்வேயில் தம்பி இருப்பதுதான் குளிரைப் பற்றிக் கதைக்க அவருக்குள்ள தகுதி.

"தங்கச்சி, காத்து வாற வழியெல்லாத்தையும் அடைக்கோணும். நோர்வேயில ஒரு ஓட்டை காணேலாது."

"அங்கையும் கேஸ் ஹீட்டரோ அண்ணை?"

"அதெல்லாம் ஒண்டுதான்."

எங்களிடம் இருந்தது சிலிண்டரில் எரிகிற ஒரு பழைய ஹீட்டர். வேறு எதுவும் எங்கள் சம்பளத்துக்குக் கட்டாது. அடுத்த சனிக்கிழமை நான் வேலைக்குப் போயிருந்த நேரம், அண்ணையும் என் கணவரும் டேப்பும் பிளாஸ்டிக்குமாக வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். நான் அந்த நேரம் என் சிஞ்ஞோரா, அதாவது முதலாளியம்மா, வீட்டில். அங்கே சுவரெல்லாம் சூடு. "வெக்கையாக இருக்கிறது, ஜன்னலைத் திறந்து விடு," என்று அவர் சொல்ல, நான் திறந்து விட்டுக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் வெதுவெதுப்பு. அந்த அறைக்குள் முதல் தடவையாக! ஜன்னல் முழுக்க பிளாஸ்டிக். குசினிச் சுவரில் இருந்த காற்றுத் துவாரத்துக்குள்ளும் பேப்பரைத் திணித்து டேப் ஒட்டியிருந்தது. குணம் அண்ணை வேலை முடிந்து போய்விட்டார்.

கணவர் கட்டிலில் கிடந்தார். "தலை இடிக்குதப்பா. தடிமன் காய்ச்சலாக்கும்."

மகள் அபி, இந்த வருடம்தான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியவள், ஹீட்டருக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தாள்.

"அபி, எழும்பு."

"நித்திரை வருது அம்மா..."

தூக்கி நிறுத்தினேன். கால் நிற்கவில்லை. தின்றதையெல்லாம் என் தோளிலேயே சத்தி எடுத்தாள்.

வெளியிலிருந்து வந்த எனக்கு அந்தக் காற்று நெஞ்சை அடைத்தது. ஹீட்டரை அணைத்தேன். பிளாஸ்டிக்கைப் பிய்த்து எறிந்து ஜன்னலை அகலத் திறந்தேன்.

"குளிரப்போகுது," என்று முனகினார் கணவர்.

"குளிரட்டும். எழும்பி வெளியில வாங்கோ."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். அவர் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்தார். கீழே மீன் விற்கிற மனிதர் எங்களைக் கண்டார். பெட்டிகளைத் தெருவில் இறக்கிவிட்டு, தன் மூன்று சில்லு வண்டியில் எங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்.

ஒட்சிசன் முகமூடிக்குள் அபியின் முகம் இவ்வளவுதான் இருந்தது. அவள் கண் திறக்கும்வரை நான் மூச்சு விட்டேனா என்று எனக்கே ஞாபகம் இல்லை. திறந்ததும், "மம்மா, ஆக்குவா," என்று தண்ணீர் கேட்டாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

டாக்டர் கேட்டார் — "ஹீட்டரின் நச்சு வாயு இது. அறைக்குள் காற்று வர வழி இருக்கிறதா?"

"காலை வரைக்கும் தாராளமாக இருந்தது," என்றேன்.

இருவரும் தப்பினார்கள். குணம் அண்ணை தோடம்பழத்தோடு பார்க்க வந்தார். "நல்ல காலம் தங்கச்சி. ஹீட்டரோட கவனமெண்டு நான் அப்பவே சொன்னனான்." சொல்லவே இல்லை. ஆனால் பழம் நல்ல பழம்.

அதன்பிறகு அறையைச் சூடாக்கும் ஆசையை விட்டுவிட்டோம். எங்களைச் சூடாக்கிக்கொண்டால் போதாதா? சிஞ்ஞோரா வீட்டில் எறியவிருந்த வெல்வெட் திரைகளைக் கேட்டு வாங்கி வந்து, கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். உள்ளே போர்வை, சுடுதண்ணீர்ப் போத்தல், நாங்கள் மூன்று பேர். ஹீட்டர் எரிந்தால் காற்றுத் துவாரம் திறந்திருக்கும். படுக்க முதல் ஹீட்டர் அணைந்திருக்கும். அபிக்கு இருமல் குறைந்துவிட்டது.

போன வாரம் வீட்டுக்காரர் மறுபடி வந்தார். மாடியில் காலியான அறையைக் காட்ட, யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்த ஓர் இளம் தம்பதியைக் கூட்டி வந்திருந்தார். போகிற வழியில் எங்கள் அறையையும் மாதிரிக்குக் காட்டினார். வெல்வெட் திரையைத் தடவிப் பார்த்துவிட்டு, ஏதோ தானே வாங்கிக் கொடுத்தது போல, "எவ்வளவு வசதி. இவர்களுக்கு உங்கள் மொழியில் சொல்லுங்கள், சிஞ்ஞோரா," என்றார்.

சொன்னேன்.

"தங்கச்சி, இஞ்சை ஜன்னலால காத்து வரும். அடைச்சால் உயிர் போகும். திருத்தித் தாங்கோ எண்டால் இவருக்குக் காது கேளாது. சீசா எண்டு ஒரு இடம் இருக்கு, அந்தப் பக்கம் வீடு பாருங்கோ."

அந்தப் பெண் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "ஓம் அக்கா, விளங்குது," என்றாள்.

வீட்டுக்காரர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "என்ன இனிமையான மொழி," என்று பாராட்டவும் செய்தார்.

உண்மைதான். தமிழ் இனிமையான மொழி — வீட்டுக்காரருக்கு விளங்காத இடத்தில் இன்னும் இனிமை.