முகத்தை மறைக்காத பாடம்

மூன்று வருடங்களுக்கு முன், கடல் அடங்கிக் கிடந்த ஒரு பங்குனி மாதம். வடமராட்சிக் கரையொன்றில் கடலட்டை பிடிக்கச் சுழியோடிக்கொண்டிருந்தேன்.

நான் கடற்கரையில் பிறந்தவன் அல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். கோப்பாயில் வெங்காயத் தோட்டத்தில் நின்றேன், லொறியில் போனேன், வவுனியாவில் கல் உடைத்தேன். ஓரிடத்தில் நிலையாக நிற்க எனக்கு வராது. கடலுக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தேன். சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும், அடியில் கிடக்கும் அட்டையைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு ஏற வேண்டும். ஒரு சிலிண்டர் முடிந்தால் அடுத்ததைக் கட்ட வேண்டும். மெதுவாக ஏற வேண்டும், இடையில் மேலே இளைப்பாற வேண்டும் என்றெல்லாம் எங்களுக்கு எவரும் சொல்லித் தரவில்லை. சம்மாட்டிக்குத் தெரிந்திருக்கலாம். வள்ளம் அவருடையது, சிலிண்டரும் அவருடையது.

அன்றைக்கு அட்டை நிறையக் கிடந்தது. ஆசையில் திரும்பத் திரும்ப இறங்கினேன். கடைசியாக ஏறி வள்ளத்தில் இருந்தபோது முழங்கையும் தோள்மூட்டும் நோகத் தொடங்கின. சுழியோடிகளுக்கு மூட்டு நோவு புதிதல்ல. கரைக்கு வந்ததும் எண்ணெய் தேய்த்து, உள்ளுக்குக் கொஞ்சம் சாராயம் விட்டால் அடங்கும் என்பார்கள். எனக்கும் விட்டார்கள், நானும் குடித்தேன். எழும்பப் பார்த்தபோதுதான் இரண்டு கால்களும் என்னுடையவை இல்லை என்று தெரிந்தது. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் உறைக்கவில்லை.

கூட வந்த சுழியோடி ஒருவன் என்னை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இறக்கும்போதே என் வாயிலிருந்து வந்த மணம் எங்களுக்கு முன்னால் உள்ளே போய்விட்டது. சவரம் செய்யாத முகம், இடுப்பில் நனைந்த சாரம், எண்ணெய் வழியும் உடம்பு. அங்கே கடமையில் நின்றவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு குடிச்சனி?"

"கொஞ்சம். ஆனால் எனக்குக் கால் ஏலாமல் கிடக்கு" என்றேன்.

"கொஞ்சம் குடிச்சவன் இப்பிடி மணக்கிறானோ? உவனுக்குச் சரியான வெறி. அங்காலை ஓரமாப் போடுங்கோ, இறங்கட்டும்."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். "வெறிக்குட்டிக்குக் கால் எப்பிடி வேலை செய்யும்" என்று ஒருவர் சொன்னது கேட்டது. என்னைச் சுவரோரமாகக் கட்டிலில் தள்ளிவிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன். அழுதால் வெறியில் அழுகிறான் என்பார்கள்.

அங்கே வேலை செய்துகொண்டே அவசர மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் டொக்டர், அந்தப் பக்கமாகப் போகிறபோது நின்றார். வயது குறைவு. தூக்கமில்லாத கண். நான் கேட்காமலே என் கால்விரலை அழுத்திப் பார்த்தார்.

"அண்ணை, இது தெரியுதோ?"

"இல்லை."

"சலம் போனதோ?"

"விடியவுக்குப் பிறகு போகேல்லை. முட்டுது, வரேல்லை."

"என்ன தொழில்?"

"கடலட்டை."

அவருடைய கை அப்படியே நின்றது. "எத்தினை மீற்றர் ஆழம் போனனீங்கள்?"

"மீற்றர் எனக்குத் தெரியாது, டொக்டர். பாகம்தான் தெரியும். பதினைஞ்சு பாகம் வரும்."

"பாகமெண்டால்?"

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். "இவ்வளவும் ஒரு பாகம்."

அவர் மனதுக்குள் கணக்குப் பார்த்தார். பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. என்னைத் தட்டையாகக் கிடத்தி முகத்தில் ஒட்சிசன் மூடியைப் போட்டார்கள். அவர் பெரிய டொக்டருக்குப் போன் எடுத்தார். மறுபக்கத்துக் குரல் எனக்குக் கேட்கவில்லை, இவருடையது கேட்டது. "இல்லை சேர், வெறி இல்லை. ஓம், மணக்குது. மணந்தாலும் இது வெறி இல்லை, சேர்." அதையே மூன்று நான்கு விதமாகச் சொன்னார்.  போனை வைக்கவில்லை.

ஆழத்தில் உடம்புக்குள் கரைகிற காற்று, சட்டென்று மேலே வந்தால் குமிழாகி நரம்பில் அடைத்துவிடும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அதற்கென்று காற்றழுத்த அறை உள்ள வேறு ஊருக்கு அம்புலன்ஸில் அனுப்பினார்கள். அங்கிருந்து திரும்பி வந்து, முதல் ஆஸ்பத்திரியின் வாட்டில் கிடந்து நடை பழகினேன். இடது கால் முழுதாகத் திரும்பவில்லை. வலது கால் வந்துவிட்டது.

ஒரு நாள் அந்த டொக்டர் வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"அண்ணை, உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். நீங்கள் வந்ததுக்கு முதல் கிழமைதான், பஸ்ஸிலை நிண்டுகொண்டு போனிலை ஒரு பாடம் பாத்தனான். சுழியோடியளுக்கு வாற வருத்தம். எங்கையோ வெளிநாட்டிலை ஒருத்தர் இலவசமாப் போட்டது. அதைப் பாக்காட்டி, நானும் உங்களைத் தாண்டித்தான் போயிருப்பன்."

அவரோடு படிக்கிறவர்கள் சிலர் சேர்ந்து இணையத்தில் தமிழில் பாடங்கள் போடுகிறார்களாம். பாம்பு கடித்தவன் வந்தால், நஞ்சு குடித்தவன் வந்தால், முதலில் என்ன பார்ப்பது, என்ன கேட்பது என்று. தீவில் தனியாக வேலை செய்கிற டொக்டர்கூட இரவல் சிக்னலில் பார்த்துப் படிக்கலாம். "உங்கடை கதையை உங்கடை வாயாலை சொல்லுவீங்களோ? முகத்தை மங்கலாக்கி, குரலையும் மாத்திப் போடலாம்."

யோசிக்கிறேன் என்றேன்.

அன்று பின்னேரமே சம்மாட்டி வந்தார், கையில் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலோடு. வாட்டில் கதைகள் காலில்லாமலே நடக்கும். சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, வீடியோ கீடியோ எண்டு கேள்விப்பட்டன். தேவையில்லாத வேலை. குடிச்சிட்டு விழுந்தனான் எண்டு சொல்லிப்போட்டுச் சும்மா இரு."

"நான் விழேல்லை, சம்மாட்டி."

"உந்தக் கதை வெளியிலை போனால் உன்னை ஒரு வள்ளமும் ஏத்தாது. இந்தக் கரை முழுக்கச் சொல்லிவைப்பன்."

"கால் வரட்டும். பிறகு ஏறுறதைப் பற்றிக் கதைப்பம்."

அவர் ஹோர்லிக்ஸை வைத்துவிட்டுப் போனார். நன்றாகக் கரைத்துக் குடித்தேன். அதோடு என்ன சண்டை?

அவர் வந்திராவிட்டால் ஒருவேளை மாட்டேன் என்றே சொல்லியிருப்பேன். அவர் போன பிறகு எனக்கு யோசிக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

அடுத்த நாள் டொக்டர் போனை ஒரு தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்தார். "முகம் தெரியாது, பயப்பிடாதேங்கோ" என்றார்.

"முகத்தை மறைக்க வேண்டாம்."

"அண்ணை, உங்களுக்குத்தான் பிரச்சினை வரும்."

"வரட்டும். இந்த முகத்தைப் பாத்துத்தானே வெறிக்குட்டி எண்டவை? மறைச்சுப்போட்டு என்னத்தைப் படிப்பிக்கப் போறியள்? இப்பிடி ஒரு முகம், இப்பிடி ஒரு சாரம், வாயிலை மணம். இதோடைதான் அடுத்தவனும் வருவான். நான் குடிச்சதையும் வெட்டக் கூடாது. ஏன் குடிக்கிறம் எண்டும் சொல்லுறன். என்னைப் பாத்துச் சிரிச்சதையும் சொல்லுவன்."

அவர் சரிந்த போனை நிமிர்த்தி வைத்தார். "சிரிச்சதைப் போட்டால் இங்கை எனக்கும் பேச்சு விழும்."

"அப்ப ரெண்டு பேருமா வாங்குவம்."

அவர் சிரித்தார். ஒன்றையும் வெட்டாமல் போட்டார். பேச்சும் விழுந்ததாம், கேட்டுக்கொண்டு நின்றாராம். பள்ளிக்கூடத்தில் தண்டனையாக என்னை வாங்குப் பலகையில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள். பாடம் நடத்த எவரும் கூப்பிட்டதில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு நாக்குத் தடுமாறவில்லை. எங்களுக்கு மீற்றர் தெரியாது, பாகம் என்று கேளுங்கள் என்றும் சொன்னேன்.

சம்மாட்டி தன் சொல்லைக் காப்பாற்றினார். ஒரு வள்ளமும் என்னை ஏற்றவில்லை. காலை இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கடைசியில் கீரிமலைக்கு வந்தேன். கேணியில் குளிக்க வருகிறவர்களின் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் பார்த்துக்கொள்கிற வேலை. சாப்பாட்டுக்குப் போதும்.

போன வருடம் ஒரு மத்தியானம், கொஞ்சம் தள்ளியுள்ள கரையில் ஆட்கள் கூடி நின்றார்கள். போய்ப் பார்த்தேன். மணலில் ஒரு சுழியோடி கிடந்தான். ஒருவன் அவனுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான், பக்கத்தில் சாராயப் போத்தல் பாதியில் நின்றது. "காணும், தேய்ச்சது. ஆஸ்பத்திரிக்கு ஏத்துங்கோ" என்றேன்.

"நொண்டி அண்ணை, நீர் போய் உம்மடை சைக்கிளைப் பாரும்."

"சைக்கிள் ஓடாது, நிக்கும். இவன்தான் நேரம் போனால் என்னை மாதிரி நடப்பான். வடிவாப் பாருங்கோ, இப்பிடி." இழுத்து இழுத்து நடந்து காட்டினேன். எண்ணெய் தேய்த்தவன் கையைத் துடைத்துவிட்டு வானுக்குப் போன் எடுத்தான். வான் வந்தது, நானும் ஏறினேன்.

இது வேறு ஆஸ்பத்திரி. அங்கே நின்ற பையன் டொக்டரை நான் முன்பின் கண்டதில்லை. கட்டிலில் கிடத்திய சுழியோடியின் வாய் அந்த அறை முழுவதும் மணந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது கேட்கப்போகிறார், எவ்வளவு குடிச்சனி என்று. கேட்டால் என்ன சொல்வது என்று வாயைத் திறந்து வைத்திருந்தேன்.

அவர் குனிந்து கேட்டார். "அண்ணை, எத்தினை பாகம் போனனீங்கள்?"

கேட்டுக்கொண்டே ஒட்சிசன் மூடியைப் போட்டார். பிறகு நிமிர்ந்தவர் என்னைப் பார்த்தார், திரும்பவும் பார்த்தார். "உங்களை எங்கையோ கண்டமாதிரிக் கிடக்கு."

"எல்லா இடமும் திரியிறனான். எங்கையாவது கண்டிருப்பீங்கள்" என்றேன்.

அந்தச் சுழியோடி இப்போது இரண்டு காலாலும் நடக்கிறான். என் இடது கால் இன்னும் இழுக்கிறது, வள்ளங்களும் என்னைக் கூப்பிடுவதில்லை. ஆனாலும் சவரம் செய்யாத அந்த முகம் மறைக்கப்படாமல் எங்கேயோ ஒரு டொக்டரின் போனில் ஓடிக்கொண்டிருக்கும். அதை நீக்கச் சொல்லி எந்தச் சம்மாட்டி வந்து நின்றாலும், என் பதில் அன்று வாட்டில் டொக்டருக்குச் சொன்ன அதே பதில்தான்: முகத்தை மறைக்க வேண்டாம்.