தார்ப்பாய்க்குள் தூங்கக் காசு கொடுப்பவர்கள்

கூடாரம் போட்டுக் கொடுக்கும் தொழிலில் ஒரு விஷயம் சீக்கிரம் தெரிந்துவிடும்: அமைதி வேண்டுமென்று காட்டுக்கு வருகிறவர்கள், பையை இறக்கியதும் முதலில் கேட்பது "சார்ஜர் எங்கே போடுறது?" என்பதுதான். வாடிக்கையாளர்களைப் பார்த்துச் சிரித்தே தாடை வலிக்கும் வேலையில் நீங்களும் இருந்தால், மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

நான் தாவரவியல் படித்தவள், கூச்ச சுபாவம். சனிக்கிழமைதோறும் தாராவியிலிருந்து கிளம்பி, மும்பைக்கு வெளியே, கர்ஜத்துக்கு அப்பால் வனத்துறை காட்டில் மும்பைக்காரர்களைத் தங்கவைத்து, ஞாயிறு மத்தியானம் பத்திரமாகத் திருப்பி அனுப்புவது என் வேலை. சமையலும் ஜீப்பும் சந்தோஷ் தாதாவின் பொறுப்பு; மராத்தியில் தாதா என்றால் அண்ணன்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. இன்று அவருக்குத் தோல்பைப் பட்டறை இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து வந்த புதிதில் அவரும் அம்மாவும் குடியிருந்தது நாலு மூங்கிலுக்கு மேல் கட்டிய நீலத் தார்ப்பாய்க்குக் கீழே. "தார்ப்பாய்லேருந்து செவுத்துக்குள்ள வர எனக்குப் பாதி ஆயுசு போச்சு. நீ செவுத்துக்குள்ள இருக்கவனக் காசு வாங்கிட்டுத் தார்ப்பாய்க்குள்ள கூட்டிட்டுப் போறியாக்கும்?" என்றார். மழைக்காலத்துக்கு முந்தைய கடைசி முகாமுக்குத் தானே வந்து பார்ப்பதாகவும், அதன் பிறகு நான் இந்த வேலையில் தொடரலாமா, பேங்க் பரீட்சைக்குப் படிக்க வேண்டுமா என்று சொல்வதாகவும் முடிவானது. எனக்குக் காட்டை விட மனமில்லை. அந்தப் பருவம் முழுக்க அந்தப் பயத்தோடுதான் கூடாரங்களுக்கு ஆணி அடித்தேன்.

முதல் உரை

வந்தவர்களிடம் விதிகளைச் சொல்வது என் பொறுப்பு. பாட்டுப் பெட்டி கூடாது, குப்பையைத் திரும்ப எடுத்துப் போக வேண்டும், காய்ந்த மரத்தடியில் நிற்கக் கூடாது. முதல் தடவை, தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். நிமிர்ந்தால் எதிரே ஆளில்லை. நான் ஆரம்பித்ததே தெரியாமல் எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

சந்தோஷ் தாதா கரண்டியும் கையுமாக வந்து பக்கத்தில் நின்றார். "மரங்களுக்கு நல்லாப் புரிஞ்சிருக்கும் சிஸ்டர். மனுஷங்களுக்கும் ஒரு தடவை சொல்லிடு."

நாலாவது சீட்

மாட்டுங்காவிலிருந்து ஒரு குடும்பம். மாமா, மாமி, இரண்டு பெரிய பிள்ளைகள். மூன்று பேர் கூடாரம் ஒன்றுதான் பதிவு செய்திருந்தார்கள். "இன்னொண்ணு சும்மாதான் இருக்கு மாமா, போட்டுத் தரட்டுமா?" என்றேன். வேண்டவே வேண்டாம் என்றார். ரிடையர் ஆகும்வரை அவர் ஆபீஸ் போனதெல்லாம் லோக்கல் ரயிலில், மூன்று பேர் பெஞ்சின் ஓரத்தில் நாலாவது ஆளாகத் தொற்றிக்கொண்டுதான்.

காலையில் பார்த்தால், கூடாரத்தின் வாசலுக்கு வெளியே சாக்ஸ் போட்ட இரண்டு பாதங்கள் பனியில் நனைந்துகொண்டிருந்தன. நான் பதறிப் போய் மன்னிப்புக் கேட்டேன். மாமா உற்சாகமாக எழுந்து உட்கார்ந்தார். "நாலாவது சீட்ல படுத்துண்டே வர முடிஞ்சா, அது ஃபர்ஸ்ட் கிளாஸ்டி கொழந்தே!"

விடியற்காலைக் குழாய்

தேவ்நாரிலிருந்து கணவரோடும் நாத்தனாரோடும் வந்த ஒரு அம்மாவை எல்லோரும் லாத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். விடியும் முன்பு பாத்திரம் உருளும் சத்தம். குரங்குதான் வந்துவிட்டது என்று தடியோடு ஓடினேன். குழாயடியில் லாத்தா. எங்கள் சமையல் அண்டா, வாளி, தாதாவின் டீ கெட்டில், யார் யாருடையதோ தண்ணீர் பாட்டில்கள் எல்லாம் வரிசையில் நின்றன. அவர் வீட்டுப் பக்கம் தண்ணீர் விடுகிற நேரம் அது. கண் தானாக விழித்துவிட்டதாம்.

"லாத்தா, இங்க மேல டேங்க் இருக்கு. நாள் பூரா தண்ணி வரும், போய்ப் படுங்க" என்றேன். அவர் கெட்டிலை நகர்த்தி அடுத்த பாட்டிலை வைத்தார். "நாள் பூரா வரும்னு சொல்ற எடத்துலதாம்மா மொதல்ல நிக்கும்."

ம்யூட் பட்டன்

வாஷியிலிருந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பையன்கள் ஐந்து பேர். அதில் ஒருவன் பிறந்து வளர்ந்தது செம்பூரில், தண்டவாளத்தை ஒட்டிய வீட்டில். இருட்டியதும் சிள்வண்டுகள் ஆரம்பித்தன. அவன் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தான். போனில் ஃபேன் ஓடும் சத்தத்தைப் போட்டுப் பார்த்தான். கடைசியில் என்னிடம் புகார் வந்தது.

"ட்ரெயின் சத்தத்துலயே தூங்குறவங்கதானே நீங்க?" என்றேன். பாவம், அழாத குறை. "ட்ரெயின்னா போயிடும் தீதி. இது எங்கயுமே போக மாட்டேங்குதே!"

அப்பா

கடைசி முகாமுக்கு அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். கூடாரத் துணியை, தோல் வாங்கும்போது செய்வதுபோல, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் காற்று கிளம்பி, எதிர்பாராத மழை பிடித்தது. மும்பைக்காரர்களுக்கு முதல் மழையென்றால் கேட்க வேண்டுமா? அத்தனை பேரும் போனோடு வெளியே ஓடி ஆட ஆரம்பித்தார்கள், அதுவும் அந்தக் காய்ந்த மரத்தடியில். நான் ஓடினேன். "சப் லோக் உதர் ஸே பாஹர்! அபி கே அபி!" என்று, எல்லோரும் உடனே வெளியே வரும்படி இந்தியில் கத்தினேன். எல்லோரும் வந்துவிட்டார்கள். கிளை ஒன்றும் விழவில்லை. ஆனால் சந்தோஷ் தாதாவின் கையிலிருந்த கரண்டி விழுந்தது.

அப்பா ஆடப் போகவில்லை. கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தேன். பையை ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுத்து வைத்துக்கொண்டு, ஒரு கையை உயர்த்தி, தலைக்கு மேலிருந்த துணியை மெல்லத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே தண்ணீர் தேங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, இன்னொரு இடத்தில் தள்ளிப் பார்த்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

மறுநாள் அப்பா பையோடு ஜீப்புக்குப் போனார். நானாகக் கேட்கத் தைரியமில்லை. ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியபின் சொன்னார்: "வீட்டுல உப்பு வேணும்னு கேக்கக்கூட வாயத் தொறக்க மாட்ட. இங்க அத்தன பேரையும் ஒத்தச் சத்தத்துல வெரட்டிட்ட. போயிட்டு வா ஏட்டி, பரீட்ச எங்கயும் ஓடிராது. ஆனா உங்கம்மாவ மட்டும் இங்க கூட்டிட்டு வந்துராத. அவ தார்ப்பாய்க்குக் கீழ ராத்திரி பூரா கம்ப வச்சுத் தண்ணியத் தள்ளிட்டு நின்னவ."

கூடாரத்தின் உறையில் 'மூன்று பேருக்கு' என்று அச்சடித்திருக்கிறார்கள். ஆளாளுக்குக் கூடவே தூக்கிக்கொண்டு வருகிற வீட்டுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அச்சடிக்கத்தான் எந்தக் கம்பெனிக்கும் இன்னும் தோன்றவில்லை.