பெயிண்ட் ஏறாத நாரைகள்

கார் தொழிற்சாலையில் பெயிண்டைச் சோதிப்பது என் வேலை. நிறத்தில் துளி வித்தியாசம் தெரிந்தாலும் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அதனால் லைனில் எனக்கு நல்ல பேர் கிடையாது.

அன்று ஷிப்ட் முடிந்து வரும்போது, ஒரகடம் தாண்டி ஏரிக்கரையில் கம்பெனி பஸ் பஞ்சராகி நின்றது. நானும் கூட வேலை செய்யும் தோழியும் கீழே இறங்கினோம். தண்ணீருக்கு நடுவே கருவேல மரங்களில் சங்குவளை நாரைகள்! அருகிவரும் பறவை என்று படித்ததோடு சரி, அதுவரை பார்த்ததில்லை. மஞ்சள் அலகு, வாலருகே ரோஜா நிறம். ஒரு மரத்தில் மட்டும் சில பறவைகள் அழுக்குச் சாம்பலாக நின்றன. என் கண் சும்மா இருக்குமா?

"ஏட்டி, அதுகளப் பாரு. ரோஸ் கலரே ஏறல. அத்தனையும் ரிஜெக்ட்" என்றேன், தோழியிடம்.

அப்போது பெரிய நாரை ஒன்று அங்கே வந்து இறங்கியது. சாம்பல் பறவைகள் இறக்கையை அடித்துக்கொண்டு, வாயைப் பிளந்து அதைச் சூழ்ந்தன.

"ரிஜெக்ட்டா? குஞ்சுங்கடி! நம்ம ஏரிலயே பொரிச்சிகீது!" என்று உள்ளூர்க்காரியான அவள் குதித்தாள்.

"அப்ப எல்லாம் ஓகே!" என்று கத்திவிட்டேன்.

பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரே கைதட்டல். என் வாயிலிருந்து அந்த வார்த்தையை இவ்வளவு சத்தமாக அவர்கள் கேட்டதே இல்லை.